குடும்ப வேகனுக்கு டீசல் இன்ஜின் பொருந்துமா? தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெரும்பாலான நம் குடும்பங்களில் ஒரே வண்டிதான் எல்லா வேலையையும் செய்கிறது. காலையில் பள்ளிக்கூடம், பிறகு கடை, ஆயாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆர்.கே. கான் மருத்துவமனை, வெள்ளிக்கிழமை கோயில், விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கல்யாணம். அந்த வண்டிக்கு டீசல் இன்ஜின் சரியா என்று, டீசல் பட்டறையில் வேலை செய்பவன் என்பதால், என்னிடம் பலரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: டீசல் வாங்கலாமா, கூடாதா?

வாரத்துக்கு ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் தொடர்ந்து ஓடும் வண்டி என்றால் வாங்கலாம். ஏழு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு அடிக்கடி மேட்டு நாட்டுக்குப் போகும் வண்டி என்றால் தயங்காமல் வாங்கலாம். வீடு, பள்ளி, கடை என்று ஐந்தாறு கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றப்போகிறது என்றால் வேண்டாம். விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். பலர் பம்பில் எழுதியிருக்கும் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த வண்டி ஒரு நாளில் எங்கே, எவ்வளவு நேரம் ஓடப்போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஊருக்குள்ளேயே ஓடினால் டீசலுக்கு என்ன கெடுதல்? எத்தனையோ டாக்சிகளும் பேக்கி என்னும் சிறு சரக்கு வண்டிகளும் ஓடுகின்றனவே?

டாக்சி விடியற்காலையில் கிளம்பினால் இரவு வரை அதன் இன்ஜின் ஆறுவதே இல்லை. குடும்ப வண்டியின் நாள் வேறு மாதிரி. காலையில் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்து நிற்கும். மறுபடி இரண்டு மணிக்குக் கிளம்பும்போது இன்ஜின் குளிர்ந்துபோயிருக்கும். டீசல் இன்ஜின் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதால் அதில் வீணாகும் வெப்பம் குறைவு. அதனாலேயே அது சூடாக அதிக நேரம் எடுக்கும். சூடாகாத டீசல் இன்ஜின் ஈர விறகு வைத்த அடுப்பைப்போலக் கரியைத்தான் கக்கும்.

அந்தக் கரி வெளியே போகாமல் பிடித்து வைப்பதற்காகவே இன்றைய டீசல் வண்டிகள் பலவற்றின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்னும் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. வடிகட்டி நிரம்பினால் அதில் சேர்ந்த கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் சுமையோடு ஓடும்போது புகையின் வெப்பம் உயர்ந்து கரியில் ஒரு பகுதி தானாகவே எரிந்துவிடும். ஊருக்குள் ரோபோட்டுக்கு ரோபோட் (போக்குவரத்து விளக்கு) நின்று போகும் வண்டியில் அந்த வெப்பத்தில் பாதிகூட வராது. அதனால் இன்ஜினின் கணினி கொஞ்சம் அதிக டீசலைப் பீய்ச்சி, வெப்பத்தை வேண்டுமென்றே ஏற்றும். பத்து முதல் இருபது நிமிடம் வரை இந்த வேலை நடக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் வீடு வந்துவிட்டது, சாவியைத் திருப்பிவிட்டீர்கள் என்றால் வேலை பாதியில் நின்றுவிடும். அடுத்த நாள் மறுபடி தொடங்கும்; மறுபடி பாதியில் நிற்கும்.

கெடுதல் வடிகட்டியோடு முடிவதில்லை. இப்படித் தாமதமாகப் பீய்ச்சப்படும் டீசலில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. நீர்த்த ஆயிலில் அது எத்தனை நாள் தாங்கும்? ஆயில் அளவு குறைந்தால் கவலைப்படுவது எல்லோருக்கும் தெரியும். டீசல் வண்டியில் ஆயில் அளவு கூடினாலும் கவலைப்பட வேண்டும் என்பதைப் பலருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

இஜிஆர் வால்வு இன்னொரு தொல்லை. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை அது இன்ஜினுக்குள் திருப்பி அனுப்புகிறது. குளிர்ந்த இன்ஜினின் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து அந்த வழியில் தார்போல் படியும். வீட்டருகே மட்டும் ஓடும் வண்டியில், காற்று உள்ளே போகும் இன்டேக் பாதையைக் கழற்றிப் பார்த்தால், விரல் நுழையும் ஓட்டை பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

டிபிஎஃப் விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

மஞ்சள் விளக்காக இருந்து, வண்டி வழக்கம்போல் ஓடினால் பயப்படத் தேவையில்லை. அன்றைக்கே என்2 நெடுஞ்சாலையில் ஏறி, அனுமதித்த வேகத்தில், ஒரு கியர் குறைத்து, இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் இருக்கும்படி இருபது முப்பது நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். அணையவில்லை என்றாலோ, வண்டி பலமிழந்து மெதுவாக ஊர்ந்தாலோ பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஸ்கேனர் போட்டு, வண்டி நின்ற நிலையிலேயே கரியை எரிக்க முடியும். விளக்கைக் கண்டும் காணாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் புது வடிகட்டிதான் வாங்க வேண்டும். அதன் விலை ஒரு குடும்பத்தின் பல மாத மளிகைச் செலவை விழுங்கிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் விற்கும் எல்லா டீசல் வண்டிகளிலும் டிபிஎஃப் இருக்கிறதா?

இல்லை. இந்த நாட்டின் புகை விதிகள் ஐரோப்பாவின் பழைய யூரோ 2 அளவை ஒட்டியே நெடுங்காலமாக இருந்துவருகின்றன. அதனால் ஒரே பெயருள்ள வண்டி ஐரோப்பாவில் டிபிஎஃப்புடனும் இங்கே அது இல்லாமலும் விற்கப்படுவது உண்டு. வாங்கும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வடிகட்டி இல்லாத வண்டிக்கு ஊர்ச் சுற்றலால் வரும் தொல்லை குறைவு. அந்தக் கரி எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

டீசல் குறைவாகக் குடிக்கும் என்பது உண்மைதானா?

உண்மைதான். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆற்றல் அதிகம். பெட்ரோல் இன்ஜின் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறது. டீசல் இன்ஜின் பதினாறில் ஒரு பங்கு வரை அழுத்தி, அந்த வெப்பத்திலேயே தீப்பற்ற வைக்கிறது. தீப்பொறி தேவையில்லை. அழுத்தம் கூடக்கூட ஒவ்வொரு துளியிலிருந்தும் கிடைக்கும் வேலையும் கூடுகிறது. ருடால்ஃப் டீசல் 1890களில் கண்டது இதைத்தான். இன்றும் அடிப்படை மாறவில்லை. ஒரே அளவுள்ள இரண்டு வண்டிகளில் பெட்ரோல் வண்டி நூறு கிலோமீட்டருக்கு எட்டரை லிட்டர் குடித்தால் டீசல் வண்டி ஆறரை லிட்டரில் முடித்துவிடும்.

அப்படியானால் பணம் மிச்சம்தானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, இரண்டு எரிபொருளுக்கும் லிட்டருக்கு 20 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டிக்கு 170 ராண்ட், டீசல் வண்டிக்கு 130 ராண்ட். மிச்சம் 40 ராண்ட். டீசல் வண்டியின் விலை 50,000 ராண்ட் அதிகம் என்றால், அந்தப் பணம் திரும்பிவர 1,25,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். வேலைக்காகத் தினமும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வந்து ஆண்டுக்கு 35,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு மூன்றரை ஆண்டு போதும்.

இதில் பராமரிப்பைச் சேர்க்கவில்லை. இங்கே விற்கும் டீசல் வண்டிகள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ். பெட்ரோல் வண்டிகள் பலவற்றுக்கு 15,000 கிலோமீட்டர் வரை போகலாம். அந்த 1,25,000 கிலோமீட்டருக்குள் டீசலுக்குப் பன்னிரண்டு சர்வீஸ், பெட்ரோலுக்கு எட்டு. டீசல் வண்டிக்கு ஆயில் அதிகம், எரிபொருள் வடிகட்டியின் விலையும் அதிகம். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் அமைப்பில் டீசல் 2,000 பார் அழுத்தம் வரை ஏறும். அந்த அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கும் பழுதானால் வரும் பில், அதுவரை மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரே நாளில் கொண்டுபோய்விடும். கடனில் வாங்குகிறவர்கள் அந்த 50,000 ராண்டுக்கு வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வங்கி தந்த தவணைக் கணக்கைப் பார்த்து, "மாதத்துக்குச் சில நூறு ராண்ட்தானே கூட" என்று கையெழுத்துப் போடும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்தச் சில நூறை ஆறு ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

பம்பில் டீசல் விலை இடத்துக்கு இடம் மாறுகிறதே, ஏன்?

பெட்ரோலின் சில்லறை விலையை அரசு நிர்ணயிக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை அது மாறும். டீசலுக்கு மொத்த விலை மட்டுமே அறிவிக்கப்படுகிறது. சில்லறை விலையைப் பம்ப் உரிமையாளர் வைத்துக்கொள்ளலாம். அதனால் ஒரே தெருவில் இரண்டு பம்புகளில் இரண்டு விலை இருக்கும். விசாரித்துப் போடுவதில் கூச்சம் வேண்டாம். டர்பனிலிருந்து உள்நாட்டுக்குப் போகப்போக, கொண்டுசெல்லும் செலவு சேர்ந்து விலை கூடும். ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள் கடலோரத்திலேயே டாங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்புவது நல்லது.

டீசல் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு டீசல் விலை பெட்ரோலைத் தாண்டிக்கொண்டு போனது. டர்பனின் இரண்டு பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பின் ஓடவில்லை. மற்றது 2022இல் நின்றது. கப்பலில் வரும் டீசலை நாடு பெரிதும் நம்பியிருக்கும்போது, உலகத்தில் எங்கே சண்டை மூண்டாலும் நம் பம்பில் அது தெரியும்.

ஜோகன்னஸ்பர்க் பயணத்துக்கு டீசல்தான் நல்லது என்கிறார்கள். சரியா?

மிகவும் சரி. டீசலைப் பற்றி மனம் நிறைந்து பேசக்கூடிய இடம் இதுதான். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. என்3 நெடுஞ்சாலை எண்பது கிலோமீட்டரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை அடைந்ததும் டவுன் ஹில் (Town Hill) என்னும் ஏற்றத்தில் ஹில்டனை நோக்கி ஏறத் தொடங்குகிறது. லாரிகள் இடதுபுறம் வரிசையாக ஊர்ந்து போகும் அந்த ஏற்றத்தில், ஏழு பேரோடு போகும் சிறிய பெட்ரோல் வேகன் இரண்டாவது, மூன்றாவது கியரில் அலறும். பிறகு மூயி ரிவர், அதன்பின் ஏறத்தாழ 1,680 மீட்டர் உயரத்தில் வான் ரீனன் கணவாய். அங்கே மூடுபனியும் இறங்கும். கடைசியில் ஜோகன்னஸ்பர்க், சுமார் 1,750 மீட்டரில்.

உயரம் கூடினால் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு பலத்தை இழக்கும். ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் இருக்கும் உறவினர் வீட்டு வாசலில் அந்த வண்டி நிற்கும்போது அதன் பலத்தில் ஆறில் ஒரு பங்கு இல்லை. டர்போ இருந்தால் மெலிந்த காற்றையும் இழுத்து அழுத்திக் கொடுத்துவிடும். இன்றைய டீசல் குடும்ப வண்டிகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் டர்போ இருக்கிறது. டர்போ உள்ள பெட்ரோல் இன்ஜினுக்கும் இந்த நன்மை உண்டு. அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இழுவிசையில்தான் (டார்க்) பெரிய வேறுபாடு. சுஸுகி எர்டிகாவிலும் டொயோட்டா ரூமியனிலும் இருக்கும் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 138 நியூட்டன் மீட்டர் இழுவிசை தருகிறது, அதுவும் 4,400 சுற்றில். ஃபார்ச்சூனரின் 2.4 லிட்டர் டீசல் 1,600 சுற்றிலேயே 400 நியூட்டன் மீட்டரைத் தருகிறது. அது எடையும் விலையும் மிக அதிகமான வேறு வகை வண்டி என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் நிறைந்த வண்டியோடு மேடேறும்போது குறைந்த சுற்றில் கிடைக்கும் பலம் என்ன என்பதை இந்த இரண்டு எண்கள் காட்டும். ஓட்டுபவருக்குக் களைப்புக் குறைவு. பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தூங்கலாம்.

வருடத்தில் இரண்டு முறை மட்டும் போகிறோம். அதற்காக டீசல் வாங்கலாமா?

வேண்டாம். மீதி நாளெல்லாம் ஊருக்குள் கரி சேர்ப்பதற்கு அந்த இரண்டு பயணங்கள் ஈடாகாது. பெட்ரோல் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போங்கள். ஹாரிஸ்மித்தில் இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கோயில் விசேஷங்களுக்கு டிரெய்லர் இழுக்கிறோம். டீசல் தேவைதானே?

எவ்வளவு எடை, எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. ஆடி மாதக் கூழ் வழிபாட்டுக்கோ, ஈஸ்டர் நாள்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கோ பெரிய பானைகளும் கேஸ் அடுப்புகளும் ஏற்றிய சின்ன டிரெய்லரைப் பத்திருபது கிலோமீட்டர் இழுக்க எந்தப் பெட்ரோல் வேகனாலும் முடியும். கையேட்டில் உள்ள எடை வரம்பைத் தாண்டாதீர்கள். கோட் பி என்னும் சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர்கள் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்கக்கூடாது. அதற்குக் கோட் இபி வேண்டும். கேட்டரிங் தொழில் செய்து வாராவாரம் ஸ்டேங்கருக்கும் டண்டிக்கும் பிரியாணிப் பானைகளோடு ஓடும் குடும்பத்துக்கு டீசல் தேவை. அவர்களுக்கு மாற்று யோசனை நான் சொல்வதே இல்லை.

50 பிபிஎம், 500 பிபிஎம் என்று பம்பில் எழுதியிருக்கிறதே, எதைப் போடுவது?

டீசலில் உள்ள கந்தகத்தின் அளவு அது, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று. டிபிஎஃப் உள்ள வண்டிக்கு 50 பிபிஎம் அல்லது அதைவிடக் குறைந்தது மட்டும். சில தயாரிப்பாளர்கள் 10 பிபிஎம் கேட்கிறார்கள். அதுவும் இங்கே சில பம்புகளில் கிடைக்கிறது. 500 பிபிஎம் கொஞ்சம் மலிவு என்பதற்காகப் போட்டால் வடிகட்டியும் வினையூக்கியும் சீக்கிரம் கெடும். அரசிதழில் அறிவிக்கப்பட்டபடி 2027 ஜூலை 1 முதல் 10 பிபிஎம் என்பதே நாடு முழுவதற்குமான அளவு.

கலப்படம் இதைவிடப் பெரிய ஆபத்து. டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்து விற்கும் திருட்டு இந்த நாட்டில் நடக்கிறது. மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்புக் கிடையாது. உயர் அழுத்தப் பம்புக்கு அந்த வழுவழுப்புதான் உயிர். ஊர் பேர் தெரியாத இடத்தில் சந்தேகப்படும்படி மலிவாக விற்றால் போடாதீர்கள். கலப்பட எரிபொருளால் வரும் பழுதை வாரண்டி ஏற்காது. எப்போதும் ஒரே நம்பகமான, வியாபாரம் அதிகம் நடக்கும் பம்பில் போட்டு, ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பில் தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டால்?

சாவியைத் தொடாதீர்கள். இங்கே பம்ப் ஊழியர்தான் எரிபொருள் நிரப்புகிறார். "டீசல், ஐம்பது பிபிஎம்" என்று வாயால் சொல்லி, இறங்கி நின்று பாருங்கள். பெட்ரோல் குழாயின் மூக்கு மெல்லியது என்பதால் டீசல் டாங்க்கில் தடையின்றி நுழைந்துவிடும். தவறு நடந்துவிட்டால், இன்ஜினைக் கிளப்பாமல் தள்ளி ஓரமாக நிறுத்தி, டாங்க்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பினாலே பல வண்டிகளில் எரிபொருள் பம்ப் ஓடத் தொடங்கிப் பெட்ரோலை உள்ளே இழுத்துவிடும். டாங்க்கைச் சுத்தம் செய்வதோடு முடியும் செலவை, இன்ஜினைக் கிளப்பி முழு எரிபொருள் அமைப்பையும் மாற்றும் செலவாக்கிவிடாதீர்கள்.

டீசல் புகை உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே, குடும்ப வண்டி ஒன்றால் என்ன ஆகிவிடும்?

நான் தென் டர்பனில் உள்ள மேர்பேங்க்கில் வளர்ந்தவன். ஆலைகளின் வாடை கலந்த காற்றில் பள்ளிக்குப் போனவர்கள் நாங்கள். தென் டர்பன் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா மிகுந்திருப்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் இந்தக் கேள்வியை என்னால் இலேசாகத் தாண்டிப்போக முடியாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. கரித்துகள் நுரையீரலின் ஆழம் வரை போகும். நைட்ரஜன் ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிக்கும். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், உலகெங்கும் சுமார் 1.1 கோடி டீசல் வண்டிகளில் சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்திருந்தது வெளிவந்தது. ஐரோப்பாவில் டீசல் கார் மேல் இருந்த மோகம் வேகமாகச் சரிந்தது அதன் பிறகுதான். வோல்வோ 2024இல் தன் கடைசி டீசல் காரைத் தயாரித்து நிறுத்திக்கொண்டது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நன்றாக வேலை செய்யும் டிபிஎஃப் கரித்துகளில் மிகப் பெரும் பங்கைப் பிடித்துவிடுகிறது. கரியமில வாயுவிலும் டீசலுக்குச் சிறிய நன்மை உண்டு: ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.65 கிலோ, பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. மேலே சொன்ன ஆறரை, எட்டரை லிட்டர் கணக்கில் நூறு கிலோமீட்டருக்கு டீசல் வண்டி 17 கிலோவும் பெட்ரோல் வண்டி கிட்டத்தட்ட 20 கிலோவும் வெளியிடும்.

ஆகவே நெடுஞ்சாலையில் ஓடும், வடிகட்டியுள்ள டீசல் வண்டியை நான் எதிர்க்கவில்லை. பள்ளி வாசலில் இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கும் டீசல் வண்டியை எதிர்க்கிறேன். பெரியவர்களின் முகத்தைவிடப் பிள்ளைகளின் முகம் அங்கே புகைக்குழாயின் உயரத்துக்கு அருகில் இருக்கிறது. காத்திருக்கும்போது அணைத்துவிடுங்கள். காலையில் கிளம்பும் முன் நிறுத்திவைத்துச் சூடேற்றுவதும் இன்றைய இன்ஜின்களுக்குத் தேவையில்லை. கிளம்பி மென்மையாக ஓட்டினாலே போதும்.

டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறாரே ஒரு மெக்கானிக்?

செய்யாதீர்கள். எங்கள் பட்டறையில் அந்த வேலையைச் செய்வதில்லை, செய்யும் இடத்தையும் சொல்லித் தருவதில்லை. உங்கள் தொல்லை தீரும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் தொல்லை தொடங்கும்.

பழைய டீசல் வேகன் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் போனெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வரும் முன்பே யாரோ கிளப்பி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். டீசல் இன்ஜினின் நோய் குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் தெரியும். நெடுநேரம் சுற்றிய பிறகே பிடித்துக்கொள்வது, பிடித்ததும் குலுங்குவது, வெள்ளைப் புகை நிற்காமல் வருவது ஆகியவை இன்ஜெக்டர், அழுத்தம் அல்லது கிளப்பும்போது சூடேற்றும் க்ளோ பிளக் பழுதின் அறிகுறிகள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. மிதித்ததும் கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதியாகப் போகிறது. டர்போவையோ அதன் குழாய்களையோ பார்க்க வேண்டும்.

ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே ஆயில் நின்று, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், அந்த வண்டி ஊருக்குள்ளேயே சுற்றிய வண்டி. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை விட்டுவிட்டுப் பலமாக வெளியே வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. புகைக்குழாயின் வாய்க்குள் விரலை விடுங்கள். டிபிஎஃப் உள்ள வண்டி என்று விற்பவர் சொல்லி, விரலில் தடித்த கரி ஒட்டிக்கொண்டால், வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டார்கள் அல்லது அது உடைந்திருக்கிறது. கையால் கியர் மாற்றும் வண்டியானால், நின்ற நிலையில் கிளட்சை மிதித்து விடும்போது கடகடவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இன்ஜினின் அதிர்வைத் தணிக்கும் இரட்டை ஃப்ளைவீல் தேய்ந்திருந்தால் அந்தச் சத்தம் வரும். மாற்றுவதற்குச் செலவு அதிகம்.

சர்வீஸ் புத்தகம் இல்லாத டீசல் வண்டியை என் உறவினர் யாரையும் வாங்கவிட மாட்டேன். பெட்ரோல் வண்டியில் ஒரு சர்வீஸ் தவறினால் சில நேரம் மன்னிக்கும். டர்போ டீசல் மன்னிப்பதில்லை. வாங்கும் முன் இன்ஜெக்டர் கசிவுச் சோதனையும் ஸ்கேனரில் டிபிஎஃப் நிரம்பிய அளவும் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடுமா?

2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள, வணிகப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டு விதிகளின்படி, வாரண்டிக் காலத்திலும் தனியார் பட்டறையில் சர்வீஸ் செய்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. கையேட்டில் சொன்ன ஆயில், சொன்ன இடைவெளி, பில் இந்த மூன்றும் சரியாக இருக்க வேண்டும். அந்தப் பட்டறை செய்த தவறால் வரும் பழுதுக்கு மட்டும் தயாரிப்பாளர் பொறுப்பேற்க மாட்டார்.

டீசலும் வேண்டாம், பெட்ரோல் செலவும் தாங்காது என்றால், பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் எப்படி?

ஊருக்குள் ஓடும் குடும்பத்துக்கு நான் இப்போது மனமாரச் சொல்வது அதைத்தான். டொயோட்டா கொரோலா கிராஸ் ஹைபிரிட் நம் பக்கத்திலேயே, இசிப்பிங்கோவை அடுத்த ப்ராஸ்பெக்டன் ஆலையில், 2021 முதல் தயாராகிறது. நூறு கிலோமீட்டருக்கு 4.3 லிட்டர் என்பது நிறுவனத்தின் கணக்கு. அன்றாட ஓட்டத்தில் கொஞ்சம் கூடும். நின்று நின்று போகும் ஓட்டத்தில்தான் ஹைபிரிட்டின் பலம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேர்த்து, நெரிசலில் இன்ஜினையே அணைத்துவிடும். டீசல் திணறும் இடத்தில் இது தேறும். இருக்கை ஐந்துதான் என்பது பெரிய குடும்பத்துக்குக் குறை. என்3 ஏற்றத்தில் நிறைந்த வண்டியோடு போகும்போது இதன் சிக்கனமும் குறைந்துவிடும்.

ஏழு இருக்கை கட்டாயம், ஓட்டம் ஊருக்குள் என்றால் ரூமியன், எர்டிகா, மிட்சுபிஷி எக்ஸ்பேண்டர் போன்ற எளிய பெட்ரோல் வண்டிகள் போதும். ஏழு இருக்கையும் வேண்டும், நெடுஞ்சாலை ஓட்டமும் உண்டு, கையில் பணம் அளவோடுதான் என்றால், கியா காரன்ஸ், ஹூண்டாய் கிராண்ட் கிரெட்டா ஆகியவற்றில் வந்த 1.5 லிட்டர் டீசலைத் தேடிப் பாருங்கள். ஃபார்ச்சூனர், எவரெஸ்ட், ஸ்டேரியா, கார்னிவல் எல்லாம் அதற்கு மேற்பட்ட விலை.

ஏற்கெனவே டீசல் வேகன் இருக்கிறது, ஓட்டமோ வீட்டருகேதான். விற்றுவிடலாமா?

உடனே விற்க வேண்டாம். பழக்கத்தை மாற்றிப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், குடும்பத்தோடு என்2 வழியாக ஸ்காட்பர்க் கடற்கரைக்கோ பாலிட்டோவுக்கோ போய்வாருங்கள். வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அந்த ஓட்டம் போதும். மற்ற நாள்களில் சிறு வேலைகளைத் தனித்தனியாகப் போகாமல் ஒரே சுற்றில் முடியுங்கள். வண்டியை நிறுத்தும்போது குளிர்விசிறி பலமாக ஓடிக்கொண்டிருந்தாலோ, நின்ற நிலையில் இன்ஜின் வேகம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலோ, கரி எரிந்துகொண்டிருக்கலாம். இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். கையேடு 10,000 கிலோமீட்டர் சொன்னால் நீங்கள் 7,000இல் ஆயில் மாற்றுங்கள். டிபிஎஃப் வண்டிக்கென்று குறிக்கப்பட்ட, சாம்பல் குறைந்த ஆயிலையே கேட்டு வாங்குங்கள். இவ்வளவும் செய்து ஆறு மாதத்தில் விளக்கு மறுபடி மறுபடி எரிந்தால், நீண்ட ஓட்டம் ஓடும் ஒருவரிடம், சர்வீஸ் புத்தகத்தோடும் விளக்கு எரிந்த விவரத்தோடும் விற்றுவிடுங்கள்.